பூமியைப் பார்த்த டிஷ்

மறுபடியும் குனிந்துகொண்டு நிற்கிறது, பாருங்கண்ணே. இது காற்றில் திரும்பியது இல்லை. காற்றுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா? யாரோ போல்டைக் கழற்றி, டிஷ்ஷைக் குனிய வைத்து, திரும்பவும் இறுக்கமாக முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். போன தடவையும் இதே மாதிரிதான். அப்போது வந்த ஆள் என்னைப் பார்த்து, "தம்பி, நீ எதும் கை வச்சியா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வீட்டு டிஷ்ஷில் நான் எதுக்குக் கை வைக்கப்போறேன்? எனக்கு இன்றைக்கு மேட்ச் பார்க்கணும். கூட்டாளிகள் நாலு பேரை வேறு வரச் சொல்லியிருக்கிறேன்.

இருங்க, கம்பத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்க கழற்றுங்க. அம்மா கீழே டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். படம் வந்தால் சத்தம் கொடுப்பாள். வராவிட்டாலும் கொடுப்பாள்.

எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று கவனித்தீங்களா? இதிலிருந்து நேராக ஒரு கயிறு கட்டினால் எங்கே போய் முட்டும், சொல்லுங்க. அந்தா, பின்பக்கம் தகரம் அடைத்து நிற்கிறதே, அங்கே. அது எங்க வீட்டுக் குளிக்கிற இடம். மேலே கூரை கிடையாது. இப்போது ஒரு பழைய சேலையை விரித்துக் கட்டியிருக்கிறது பாருங்க, அது அக்கா கட்டியது. போன தடவையும் டிஷ் அங்கேதான் பார்த்தது. இந்தத் தடவையும் அங்கேயேதான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சேட்டிலைட் வானத்தில் இருக்கிறது. எங்க வீட்டுக் குளிக்கிற இடத்தில் என்னடா சிக்னல் தேடுகிறாய்? கெடுக்க வேண்டும் என்றால் ஒயரை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகலாம். நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டு, சிரமப்பட்டுக் கழற்றி, அளவெடுத்து அந்த ஒரே இடத்தைப் பார்க்க வைத்துவிட்டுப் போகிறான் என்றால் அவன் எவ்வளவு பெரிய முட்டாளாக இருப்பான்.

செய்தது யார் என்று எனக்குத் தெரியும். கேபிள் ஜெயபால் அண்ணாச்சி. அவர் கையால் செய்திருக்க மாட்டார். ஆள் வைத்துச் செய்திருப்பார். தொழில் போட்டிண்ணே, வேறென்ன. ஒரு வீடு டிஷ் போட்டால் அடுத்த வீடும் போடும் என்ற பயம்.

அந்த அண்ணாச்சியோடு எங்களுக்கு முன்னால் சண்டை எதுவும் கிடையாது. சொல்லப்போனால் இந்தத் தெருவிலேயே அவருக்கு வேண்டியப்பட்ட வீடு எங்க வீடுதான். ஏனென்று கேளுங்க. கேபிள்காரங்க தெருவுக்கு ஒரு வீட்டு மாடியில் ஒரு பெட்டி மாட்டி வைப்பாங்க. ஆம்ப்ளிஃபையர். உங்களுக்குத் தெரியாததா. அதுக்குக் கரண்டு வேணும். அந்த வீட்டு மீட்டரிலிருந்தே எடுத்துக்கொள்வாங்க. அதுக்குப் பதிலாக அந்த வீட்டுக்குக் கேபிள் ஓசி. இந்தத் தெருவுக்கு எங்க வீடுதான் பெட்டி வீடு. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. குழாயடியில் யாரிடமாவது சண்டை வந்தால், "எங்க வீட்டுக் கரண்டுலதான்டி உன் வீட்ல படம் ஓடுது" என்பாள். அதோடு எதிராளி வாயை மூடிக்கொள்வாள்.

பெட்டி இருந்தால் அதைப் பார்க்க ஆள் வரும். படிதான் பார்த்தீங்களே, தெருவிலிருந்தே ஏறுகிறது. கதவைத் தட்ட வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை. மழை பெய்தால் வருவாங்க, காற்றடித்தால் வருவாங்க. அப்புறம் காளிராஜ் வேலைக்கு வந்தான். அவன் மழையே இல்லாவிட்டாலும் வருவான்.

காளிராஜ் ஜெயபால் அண்ணாச்சியின் அக்கா மகன். உங்களுக்கே அவனைத் தெரியுமே, உங்களை அனுப்பி வைத்ததே அவன்தானே. வேலையில் சுத்தமானவன். காலையில் ஒரு தடவை வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பான். அந்தக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போன் பேசுவான். அக்கா குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் இருப்பான். அவ்வளவு பொறுப்பாக யார் பார்ப்பாங்க, சொல்லுங்க. வேறு தெருக்காரங்க எல்லாம் கேபிள் வரவில்லை என்று போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோவாங்க. எங்க தெருவில் அந்தப் பேச்சே கிடையாது.

என்னிடம் நல்லாப் பழகுவான். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன், அவ்வளவுதான். தெருவில் எல்லாரும் எனக்குப் புத்தி சொல்லியே கொன்றாங்க. காளிராஜ் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பைக் சாவியைக் கையில் கொடுத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வா மச்சான்" என்பான். மற்றப் பையன்களை எல்லாம் தம்பி என்றுதான் கூப்பிடுவான். என்னை மட்டும் மச்சான்.

கம்பம் ஆடுதாண்ணே? இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா கீழே கத்துகிறாள் பாருங்க. "ஏலே மாரீசு, கட்டம் கட்டமா வருதுலே." இருக்கட்டும், அவளுக்கு எல்லாவற்றுக்கும் அவசரம். நான் அவள் பிள்ளை.

டிஷ் போடணும் என்று ஆரம்பித்தது நான் இல்லை. அக்காதான். அக்கா பேர் ராஜகனி. என்னைவிட ஆறு வயசு மூத்தவள். பஞ்சாலையில் வேலை. மில் வேனில் போய்விட்டு மில் வேனில் வருவாள். அவளுக்கும் டிவிக்கும் சம்பந்தமே கிடையாது. அவள் வந்து, ஒரு நாள் சாப்பிடும்போது, "நாம டிஷ் போட்டுருவோம்மா" என்றாள். அம்மா சிரித்தாள். "ஓசியில வர்றது உனக்குக் கசக்குதாட்டி?" என்று கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "என் போனசுல போடுறேன். உங்க யாருகிட்டயும் கேக்கல" என்றாள்.

அப்பா லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வெளியூர். போனில் அவரும் அதையேதான் கேட்டார். சும்மா வருவதை விட்டுவிட்டு ஏன் தாயி வீண் செலவு என்றார். அக்கா போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஓசியில படம் மட்டும் வரலப்பா. கூட ஆளும் வருது." அப்பாவுக்கு வண்டிச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். எனக்கும் அது புரியவில்லை. எந்த ஆள் வருது? காளிராஜைத் தவிர யாரும் வருவதில்லையே.

எனக்கென்ன, எனக்குச் சந்தோஷம். கேபிளில் மேட்ச் தெளிவாக இருக்காது. பந்து எங்கே போகிறது என்று ஊகித்துத்தான் பார்க்கணும்.

டிஷ் மாட்டிய அன்றைக்கு அம்மா சந்தனம் குங்குமத்தோடு மாடிக்கு வந்துவிட்டாள். மாட்டியவர் பதறிப்போய், "மூஞ்சில வைக்காதீங்கம்மா, முதுகுல வையுங்க" என்றார். முதுகில் வைத்தாள். இப்பவும் அழியாமல் இருக்கிறது பாருங்க. அன்றைக்குப் படம் வந்ததும் நானும் அம்மாவும் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லிரு. இனிமே நம்ம மாடிக்கு எவனும் ஏறக் கூடாது" என்றாள். எவனும் என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் கிடையாது.

சொல்லிருன்னா யாரிடம் போய்ச் சொல்கிறது, அவங்க நாளைக்கு நாளைக்கு என்பாங்க. எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கே சாயங்காலம் சீரியல் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மொத்தத் தெருவும் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பொம்பளைங்க எல்லாம் எங்க வாசலில். எதிர்வீட்டு டெய்லர் சம்சாரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏலே பாவி, அவ விசத்தைக் கையில எடுத்த நேரத்துல நிறுத்திட்டியே. குடிச்சாளா இல்லையான்னு இப்ப நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?" என்றது. நான், "குடிச்சிருப்பா, போய்த் தூங்குங்க" என்றேன். அது இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மறுநாள் ஜெயபால் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். மனுஷன் சத்தமே போடவில்லை. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ரெண்டு போன். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயை நிதானமாகக் குடித்தார். "நல்ல டீ தங்கச்சி" என்றார். அப்புறம், "டிஷ் போடுங்க, யாரு வேண்டாம்னா. பெட்டி மட்டும் எப்பவும் போல மேல இருந்துட்டுப் போகட்டும். கரண்டுக் காசு வேணும்னா தனியாத் தந்துருவோம்" என்றார்.

அம்மா தலையை ஆட்டுகிற மாதிரி இருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டி வேண்டாம் மாமா. எடுத்துருங்க."

"ஏன் தாயி? பையன் எதும் தப்பா நடந்துக்கிட்டானா? சொல்லு, செருப்பால அடிக்கேன்."

அம்மாதான் முந்திக்கொண்டு, "சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்றாள். அம்மா அப்படிச் சொல்லும்போது அக்கா அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் பரீட்சையில் பெயிலாகி வந்தபோதுகூட என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். "சரி, எடுத்துருவோம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன் தங்கச்சி. வயசுக்கு வந்த பிள்ளை இருக்கற வீடு. வீட்டுக்காரரும் ஊர்ல இருக்கறதில்ல. நாலு பேரு கண்ணு நம்ம வீட்டு மேல இருந்தாத்தான் அதுக்குப் பாதுகாப்பு. நம்ம பையன் வந்து போய்க்கிட்டு இருந்தான், ஒரு காவலா இருந்துச்சு. இனிமே நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா, "எவ்வளவு தன்மையாப் பேசிட்டுப் போறாரு பாரு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா மட்டும் அந்த டம்ளரைப் புழக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

இந்தப் போல்ட் வழுக்குதா? கொடுங்க, என்னிடம் துணி இருக்கிறது.

பெட்டியை எடுத்து எதிரே டெய்லர் வீட்டில் மாட்டிவிட்டாங்க. அந்தா தெரியுதே, அந்த மாடிதான். எங்க மாடியைவிட ஒரு ஆள் உயரம். காளிராஜ் இப்போது அங்கே வந்து உட்காருகிறான். அங்கேதான் டவர் நல்லாக் கிடைக்கிறதாம். சாயங்காலம் அக்கா வேலை விட்டு வருகிற நேரத்துக்கெல்லாம் அந்தச் சுவரில் ஆள் இருப்பான். இன்றைக்குத்தான் காணோம்.

என்மேல் அவனுக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். மாமா தொழிலில் கை வைத்துவிட்டேனே. ஒன்றும் கிடையாது. "எங்க மாமா ஒரு மாதிரி மச்சான். எதும் செய்யிறதா இருந்தா முன்னாடியே உனக்கு நான் தகவல் சொல்லிர்றேன். வீட்டு நம்பரைக் கொடு" என்றான். டிஷ் அக்கா நம்பரில்தான் பதிவாகியிருக்கிறது. அதைக் கொடுத்தேன். அதுக்கப்புறம் அக்காவுக்கு என்ன வந்ததோ, நம்பரை மாற்றிவிட்டாள். "யாருகிட்டடா குடுத்த?" என்று என்னிடம் ஒரே சண்டை. நான் புது நம்பரையும் கொடுத்திருப்பேன், அவள்தான் எனக்கே சொல்லவில்லை.

முதல் தடவை டிஷ் குனிந்தது அதுக்கு அப்புறம்தான். காலையில் படம் வரவில்லை என்று மேலே வந்து பார்த்தால் இப்படி நிற்கிறது. நான் சிரித்துக்கொண்டே, "அக்கா, வந்து பாரு ஒரு கூத்தை" என்று கூப்பிட்டேன். ஈரத் தலையோடு வந்தாள். டிஷ்ஷைப் பார்த்தாள். அது பார்க்கிற பக்கம் பார்த்தாள். அப்புறம் டெய்லர் வீட்டு மாடியைப் பார்த்தாள். கீழே இறங்கிப் போய்த் துணிப்பெட்டியைக் குடைந்து அந்தச் சேலையை எடுத்து வந்து கட்ட ஆரம்பித்துவிட்டாள். வேனுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கத்துகிறாள், இவள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். வேனை விட்டுவிட்டாள். அன்றைக்குச் சம்பளம் போச்சு.

ராத்திரி அம்மாவிடம், "அப்பாகிட்டச் சொல்லிரும்மா" என்று அவள் கெஞ்சியது என் காதில் விழுந்தது. அம்மா, "வண்டி ஓட்டுற மனுசன்கிட்ட இதையெல்லாம் சொல்லி அவரு எங்கயாவது கொண்டு போயி விட்டுட்டாருன்னா? சும்மா கெடட்டி. பாத்துட்டுப் போறான். நாளாப்போக அவனே அடங்கிருவான்" என்றாள். ஒரு டிஷ் திரும்பியதுக்கு இவ்வளவு பேச்சு. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

என்னண்ணே அப்படிப் பார்க்கிறீங்க? அவன் என்று சொன்னது ஜெயபால் அண்ணாச்சியைத்தான். அம்மா அவரை அண்ணே என்றுதான் சொல்லுவாள், அது சரிதான். கோபத்தில் அவன் என்று சொல்லியிருப்பாள்.

இல்லையா? பின்னே யாரை?

நீங்க வேலையைப் பாருங்கண்ணே. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. தென்கிழக்கே இன்னும் கொஞ்சம் திருப்பணுமோ? போன தடவை வந்தவர் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துப் பார்த்தார்.

காளிராஜை ஒன்றும் சொல்லாதீங்க. இன்றைக்கு நீங்க வந்திருக்கிறதே அவன் தயவு. காலையில் டிஷ் திரும்பவும் குனிந்திருந்தது. கம்பெனிக்குப் போன் அடித்தால், ரெண்டு நாள் ஆகும் என்கிறாங்க. மேட்ச் இன்றைக்கு. நான் கடுப்பில் தெருமுனைக்கு வந்தேன். காளிராஜ் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்ன மச்சான், மூஞ்சி சரியில்ல" என்றான். சொன்னேன். "இதுக்கா? எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. சாயங்காலம் அனுப்பி வைக்கேன். நீ மட்டும் வீட்ல இரு, எங்கயும் போயிராத. கம்பத்தைப் பிடிக்க ஒரு ஆளு வேணும்லா" என்றான். அப்புறம், "உங்க அக்கா இன்னைக்கும் பகல் ஷிப்டுதானே?" என்றான். ஆமா என்றேன். "வேன் எங்க இறக்கிவிடும்? தெருவுக்குள்ளயா, விலக்குலயா?" என்றான். விலக்கில்தான், ரோடு பிரிகிற இடத்தில் என்றேன். அங்கிருந்து ஓடைக்கரையாக நடந்துதான் வரணும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலமரம். உங்களுக்கு வழி சொல்வதுக்காகத்தான் அதையெல்லாம் கேட்டிருப்பான் என்று நினைத்தேன்.

நீங்க அந்த வழியாக வரவில்லையா? சரி, பைக்கில் வருகிறவங்க மெயின் ரோட்டில் வந்திருப்பீங்க.

என்ன சொல்றீங்க? நேற்றா? நேற்றே உங்களுக்குப் போன் பண்ணி, நாளைக்குச் சாயங்காலம் இந்த வீட்டுக்குப் போகணும் என்று சொன்னானா?

இல்லண்ணே, தப்பாகச் சொல்றீங்க. நேற்று டிஷ் நல்லாத்தான் இருந்தது. நேற்று ராத்திரி நான் படுக்கிற வரைக்கும் படம் ஓடியது. காலையில்தான் குனிந்திருந்தது. நேற்றே எப்படி உங்களிடம் சொல்லியிருக்க முடியும்? நான் அவனிடம் சொன்னதே இன்றைக்குத்தானே.

நேற்று மத்தியானமா? உறுதியாத் தெரியுமா?

அப்படியென்றால் அவங்க மாமா செய்யப்போறார் என்று அவனுக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். அதான் உங்களைச் சொல்லி வைத்திருக்கிறான். தகவல் சொல்கிறேன் என்று சொன்னவன்தானே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. கேட்கிறேன். நாளைக்குப் பார்த்தால் கேட்கிறேன்.

கையை ஏன் நிறுத்திட்டீங்க?

இந்தாங்க, அம்மா கத்துகிறாள். "வந்திருச்சுலே, வந்திருச்சு. அப்படியே விடச் சொல்லு." வந்துவிட்டதாம். அப்படியே வைத்து முறுக்கிருங்க. இன்னும் ஒரு போல்ட்தான் பாக்கி. ஸ்பேனரை ஏன் பையில் போடுறீங்க? முறுக்காமல் போனால் ராத்திரிக் காற்றில் நிஜமாகவே திரும்பிவிடும்.

அக்காவா? அவள் வேன் இந்நேரம் விலக்குக்கு வந்துவிட்டுப் போயிருக்கும். ஹாரன் அடிப்பான், இங்கே வரைக்கும் கேட்கும். நாம் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டதே, அதுதான். கேட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீங்க ரெண்டாவது போல்டைக் கழற்றிக்கொண்டிருந்தீங்க. அங்கிருந்து நடந்து வர அவ்வளவு நேரம் ஆகாது. வந்திருக்கணும். வேகமாகத்தான் நடப்பாள். இப்பவெல்லாம் அந்த ஓடைக்கரையில் ஓட்டமும் நடையுமாகத்தான் வருவாள். வந்து செம்பு நிறையத் தண்ணீர் குடிப்பாள்.

படியில் யாரோ ஏறுகிற மாதிரி இருக்கிறதா? இல்லை, பக்கத்து வீடு.

இல்லண்ணே, அக்கா ஒன்றும் சொல்லாமல் போகவில்லை. சொல்லிவிட்டுத்தான் போனாள். காலையில் இந்த டிஷ்ஷைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். என் சட்டையைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினாள். "ஏலே மாரீசு, இன்னைக்குச் சாயங்காலம் விலக்குக்கு வந்து நில்லு. எதுக்குன்னு கேக்காத. வேன் வர்றதுக்கு முன்னாடியே வந்துரு. நான் இறங்கும்போது நீ அங்க நிக்கணும்" என்றாள். சரி என்றேன். சத்தியமா வருவியா என்றாள். வர்றேன், போ என்றேன்.

போகிறதுக்குத்தான் சட்டையை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து நீங்க வந்துட்டீங்க.